நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஆள்சேர்ப்பும் பயிற்சியும்

நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் ஆள்சேர்ப்பும் பயிற்சியும் என்பது, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்று தனக்கு வேண்டிய பணியாளர்களைத் திரட்டுகின்ற, தெரிவு செய்கின்ற, பயிற்றுவிக்கின்ற முறைகளைக் குறிக்கும். இந்நிறுவனம் 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டு முதல் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் என்ற பெயரில் இயங்கி வருகின்றது.

இந்நிறுவனத்தினுள் நுழைவதற்கு ஒரே வாயில் இல்லை. அகில இந்தியத் தேர்வு, தொழில்நுட்ப ஊழியர் தெரிவு, நிலம் கொடுத்த குடும்பங்களுக்கான வாய்ப்பு, ஒப்பந்தப் பணி, தொழிற்பழகுநர் சேர்க்கை என ஐந்து வாயில்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு சட்டத்தின் கீழ், வெவ்வேறு நோக்கத்துடன் அமைந்தது. திறமையின்படி தெரிவு செய்தல், நிலத்தை இழந்தோருக்கு ஈடு செய்தல், பயிற்சி பெற்றோருக்கு வேலை அளித்தல் ஆகிய மூன்று நியாயங்களும் இங்கு ஒன்றோடொன்று மோதுவதால், மனிதவள மேலாண்மையைப் பயில்வோருக்கு இது ஒரு முக்கியமான எடுத்துக்காட்டாகும்.

அடிப்படைக் கருத்துகள்

மனிதவள மேலாண்மையில் ஆள்சேர்ப்பு, தெரிவு, பயிற்சி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகளாகும்.

ஆள்சேர்ப்பு என்பது தகுதியுடையோரை விண்ணப்பிக்கச் செய்தல் ஆகும். இதற்கு முன்னதாக வேலைப் பகுப்பாய்வு நடைபெற வேண்டும். ஒரு பணியில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூறுவது வேலை விவரம் எனவும், அதைச் செய்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைக் கூறுவது தகுதி விவரம் எனவும் அழைக்கப்படும். நிறுவனத்தின் உள்ளிருந்தே பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவற்றால் இடத்தை நிரப்புவது அகச் சேர்ப்பு. வெளியிலிருந்து ஆள் எடுப்பது புறச் சேர்ப்பு.

தெரிவு என்பது விண்ணப்பித்தோருள் பொருத்தமானவரைப் பிரித்தெடுத்தல் ஆகும். ஆள்சேர்ப்பு விண்ணப்பதாரர் எண்ணிக்கையைக் கூட்ட முயல்கின்றது. தெரிவோ அதைக் குறைக்கின்றது. ஒரு தெரிவு முறைக்கு இரண்டு பண்புகள் தேவை. ஒரே நபரை மீண்டும் சோதித்தாலும் ஏறத்தாழ அதே முடிவைத் தருவது நம்பகத்தன்மை. சோதனையில் பெறும் மதிப்பெண் உண்மையான பணித்திறனைக் காட்டுவது ஏற்புடைமை. நம்பகமான சோதனை ஏற்புடையதாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை.

பயிற்சி என்பது தெரிவு செய்யப்பட்டவரின் அறிவுக்கும் பணிக்கு வேண்டிய அறிவுக்கும் இடையிலான இடைவெளியை நிரப்புதல் ஆகும். இது பணியிடப் பயிற்சி, பணியிடத்துக்கு வெளியே அளிக்கும் பயிற்சி என இரு வகைப்படும். அமெரிக்கரான டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட கட்டுரைகளில், பயிற்சியின் பயனை நான்கு நிலைகளில் அளக்கலாம் என்று கூறினார். பயிற்சி பெற்றோரின் கருத்து, அவர்கள் கற்றது, பணியில் அவர்களின் நடத்தையில் வந்த மாற்றம், நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு என்பன அந்நிலைகளாகும்.

நிறுவனமும் பணியின் இயல்பும்

நெய்வேலியில் 1957ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் ஜவகர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் சோவியத் ஒன்றியத்தின் தொழில்நுட்ப உதவியுடன் அமைந்த முதலாம் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனுடைய இந்நிலையம் 2020ஆம் ஆண்டு மூடப்பட்டது.

நெய்வேலிச் சுரங்கங்கள் திறந்தவெளிச் சுரங்கங்களாகும். நிலக்கரிக்கு மேலே கடலூர் மணற்கல் எனப்படும் கடினமான படிவம் உள்ளது. நிலக்கரிக்குக் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் உள்ளது. எனவே மேல்மண்ணை அகற்றுவதும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைப்பதும் இரவு பகலாக நடைபெற வேண்டும். மண்ணை அகழ்வதற்குப் பேச்சுவழக்கில் பக்கெட் வீல் எனப்படும் பெரிய வாளிச் சக்கர இயந்திரங்கள் பயன்படுகின்றன. ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் அமைந்த இவ்வியந்திரங்கள், கன்வேயர் பட்டைகளுடனும் மண்ணைக் கொட்டிப் பரப்பும் இயந்திரங்களுடனும் ஒரே தொடராக இணைக்கப்பட்டுள்ளன. தொடரின் ஒரு கண்ணி நின்றால் மற்றவையும் நின்றுவிடும்.

இவ்வியல்பு ஆள்சேர்ப்பில் நேரடியான விளைவைக் கொண்டுள்ளது. இத்தகைய இயந்திரங்கள் இந்தியாவில் மிகச் சில இடங்களிலேயே உள்ளன. எனவே அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் முன்னரே தெரிந்தவர்களை வெளிச்சந்தையில் தேடிப் பெற இயலாது. பொதுவான தொழிற்கல்வி உடையவரைச் சேர்த்து, உள்ளேயே பயிற்றுவிப்பது தவிர வேறு வழியில்லை. இந்நிறுவனத்தில் பயிற்சி தவிர்க்க இயலாத ஒன்றாக அமைந்ததற்கு இதுவே காரணமாகும்.

நிறுவனத்தின் நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கை 2010களின் தொடக்கத்தில் பதினேழாயிரத்துக்கு மேல் இருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது பன்னிரண்டாயிரத்துக்கும் கீழே குறைந்தது. ஓய்வு பெறுவோரின் எண்ணிக்கை புதிதாகச் சேர்வோரின் எண்ணிக்கையை விட மிகுதியாக இருந்தது. இதே காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுரங்கங்களிலும் மின் நிலையங்களிலும் பணியாற்றி வந்தனர்.

ஆள்சேர்ப்பின் சட்டப் பின்னணி

அரசுக்குச் சொந்தமான நிறுவனங்கள் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்பின் பொருளில் அரசாகவே கருதப்படும். எனவே தனியார் முதலாளி ஒருவருக்கு உள்ள தெரிவுச் சுதந்திரம் என்.எல்.சி.க்கு இல்லை. பின்வரும் விதிகள் அதனைக் கட்டுப்படுத்துகின்றன.

முதலாவது, 16ஆம் உறுப்பு. அரசுப் பணியில் சமயம், சாதி, பால், பிறப்பிடம், வசிப்பிடம் போன்றவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எவரையும் ஒதுக்கக் கூடாது என 16(2) கூறுகின்றது. வசிப்பிட நிபந்தனை விதிக்கும் அதிகாரம் 16(3)இன்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. எனவே கடலூர் மாவட்டத்தில் பிறந்தவருக்கு மட்டும் என்று ஒரு நிரந்தரப் பதவியை நிறுவனம் தானாக ஒதுக்க இயலாது.

இரண்டாவது, அறிவிப்புக் கடமை. 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. நீண்ட காலம் அங்கிருந்து வரும் பெயர்ப் பட்டியலே கீழ்நிலைப் பணிகளுக்குப் போதுமானதாகக் கருதப்பட்டது. இதனால் பதிவு மூப்புடைய உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பு இருந்தது. 1996இல் விசுவேசுவர ராவ் வழக்கில், அப்பட்டியலோடு நில்லாமல் நாளிதழ்களிலும் பிற ஊடகங்களிலும் விளம்பரம் செய்து எல்லா விண்ணப்பங்களையும் பரிசீலிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. வாய்ப்பு பரவலாயிற்று, போட்டியும் பெருகியது.

மூன்றாவது, இட ஒதுக்கீடு. அகில இந்தியத் திறந்த போட்டியில் நடுவண் அரசின் விதிப்படி பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும், பட்டியல் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும், பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடும், 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் உள்ள 69 விழுக்காட்டு ஒதுக்கீடு இங்குப் பொருந்தாது. நிறுவனம் தமிழ்நாட்டில் இருந்தாலும் அது நடுவண் அரசின் நிறுவனம் என்பதே இதற்குக் காரணம்.

ஐந்து வாயில்கள்

பட்டதாரிப் பயிற்சி அலுவலர்

இயந்திரவியல், மின்னியல், குடிசார் பொறியியல், சுரங்கவியல் போன்ற பிரிவுகளில் பட்டம் பெற்றோர் அலுவலர் நிலையில் சேர்வதற்கான வாயில் இது. பல ஆண்டுகளில் நிறுவனமே எழுத்துத் தேர்வை நடத்தியது. பின்னர் வேறு பல பொதுத்துறை நிறுவனங்களைப் போலவே கேட் எனப்படும் பட்டதாரிப் பொறியாளர் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையும் பயன்படுத்தத் தொடங்கியது. இத்தேர்வைப் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனமும் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் முறைவைத்து நடத்துகின்றன. மேல் படிப்புக்கென உருவான இத்தேர்வில் பெறும் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். மதிப்பெண் வரிசைப்படி அழைக்கப்படுவோருக்கு நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் நடைபெறும். தெரிவு பெற்றவர்கள் முதலில் பயிற்சி அலுவலராகவே சேர்க்கப்பட்டு, பயிற்சிக் காலம் முடிந்த பின்னர் பதவியில் அமர்த்தப்படுவர்.

தொழில்நுட்ப ஊழியர்

பட்டயம் அல்லது தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழ் பெற்றோருக்கான வாயில் இது. சுரங்கத்தில் ஓவர்மேன், சர்தார் போன்ற மேற்பார்வைப் பணிகளுக்குப் படிப்பு மட்டும் போதாது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் வழங்கும் திறச் சான்றிதழும் முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். நடுவண் அரசின் கொள்கைப்படி 2016 சனவரி முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் நீக்கப்பட்டது. சிபாரிசுக்கு இடமளிக்கக் கூடியது நேர்காணலே என்ற கருத்து இம்மாற்றத்துக்குப் பின்னணியாக இருந்தது.

நிலம் கொடுத்த குடும்பத்தினர்

சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தோருக்கான வாய்ப்பு இதுவாகும். இது கீழே தனியாக விளக்கப்படுகின்றது.

ஒப்பந்தத் தொழிலாளர்

ஒப்பந்தக்காரர் மூலமாகவோ, இன்கோசர்வ் போன்ற தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ பணியாற்றுவோர் இவ்வகையினர். இவர்கள் பணியாற்றும் இடம் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இவர்களைப் பணியில் அமர்த்துபவர் வேறொருவர்.

தொழிற்பழகுநர்

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், பெரும்பாலும் ஓராண்டுக்குச் சேர்க்கப்படுவோர் இவ்வகையினர். பொருத்துநர், கடைசலர், மின்பணியாளர், பற்றவைப்பாளர், மோட்டார் வாகனப் பழுதுநர் முதலிய தொழிற்பிரிவுகளில் தொழிற்பயிற்சி நிலைய மாணவரும், தனிப் பிரிவுகளில் பட்டய, பட்டதாரி மாணவரும் சேர்க்கப்படுகின்றனர். பட்டதாரிகளும் பட்டயம் பெற்றோரும் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இச்சட்டத்துள் கொண்டுவரப்பட்டனர். தெரிவு பொதுவாகப் படிப்பில் பெற்ற மதிப்பெண் அடிப்படையில் நடைபெறும்.

பயிற்சி அமைப்புகள்

நெய்வேலி நகரியத்தில் நிறுவனத்தின் கற்றல் மற்றும் மேம்பாட்டு மையம் அமைந்துள்ளது. தொழிற்பழகுநர் சேர்க்கை, புதிய அலுவலர்களுக்கான அறிமுகப் பயிற்சி, பணியிலுள்ளோருக்கான மேம்பாட்டுப் பயிற்சி ஆகியவற்றை இம்மையம் கவனிக்கின்றது. பட்டய, பட்டதாரிப் பழகுநர் சேர்க்கையில் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்கும் பங்குண்டு.

நெய்வேலியில் மற்றொரு குறிப்பிடத்தக்க நிறுவனமும் உள்ளது. அனல் மின் நிலையப் பணியாளர்களுக்கென 1965இல் இங்குத் தொடங்கப்பட்ட பயிற்சி நிலையம், பின்னர் தேசிய மின் பயிற்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாயிற்று. இந்தியாவில் மின் நிலையப் பணியாளருக்கு ஏற்பட்ட இவ்வகை நிலையங்களுள் இதுவே முன்னோடியாகும். நெய்வேலியில் மட்டுமின்றிப் பிற மாநில மின் நிலையங்களில் பணியாற்றுவோரும் இங்குப் பயின்றுள்ளனர். கொதிகலன், சுழலி, மின்னாக்கி ஆகியவற்றின் இயக்கத்தை வகுப்பறையிலும், ஓடிக்கொண்டிருக்கும் மின் நிலையத்திலும் மாறி மாறிக் கற்பது இப்பயிற்சியின் தன்மையாகும். அருகிலேயே மின் நிலையம் இருப்பது இதற்கு வாய்ப்பாக அமைந்தது.

சுரங்கப் பணியாளருக்கான பயிற்சி சட்டப்படி கட்டாயமானது. 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி, புதிதாகச் சேரும் எவரும் அடிப்படைப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் பெறாமல் சுரங்கப் பணியில் அமர்த்தப்படக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சியும், பணி மாறினால் அப்பணிக்குரிய பயிற்சியும் பெற வேண்டும். இவ்விதிகள் நிரந்தரப் பணியாளர் என்றும் ஒப்பந்தத் தொழிலாளர் என்றும் வேறுபாடு காட்டவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல், 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்குப் பதிலாகப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னைய விதிகளில் புதிய சட்டத்துக்கு முரண்படாதவை இடைக்காலத்தில் தொடர்வதற்கு அச்சட்டம் வழி செய்கின்றது.

தொழில்நுட்பம் மாறும்போது மறுபயிற்சி தேவைப்படுகின்றது. மூடப்பட்ட முதலாம் அனல் மின் நிலையத்தில் 50, 100 மெகாவாட் அலகுகள் இருந்தன. அதற்கு மாற்றாக அமைந்த புதிய நெய்வேலி அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு உள்ளன. கட்டுப்பாட்டு அறையில் கருவி முட்களைப் பார்த்துப் பழகிய ஒருவர், கணினித் திரையில் அதே வேலையைச் செய்வதற்குப் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

பழகுநரும் வேலை உரிமையும்

தொழிற்பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர். அவருக்கு ஊதியம் இல்லை, உதவித்தொகை உண்டு. 22ஆம் பிரிவின் தொடக்க வடிவம், பயிற்சி முடித்தவருக்கு வேலை அளிக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பயிற்சி முடித்தோரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கொள்கை வகுக்க வேண்டும். கொள்கை வகுப்பது கட்டாயம். வேலை அளிப்பது கட்டாயமில்லை.

1995இல் உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. அவர்கள் வேலைவாய்ப்பகம் மூலம் வரத் தேவையில்லை என்றும், வயது வரம்பில் அவர்களுக்குச் சலுகை காட்டலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகின்றது. ஆனால் சமமாக இருந்தால் என்ற நிபந்தனை எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு சேரும்போது, முன்னுரிமையின் பயன் மிகவும் சுருங்கி விடுகின்றது. ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அவர் சமமானவர் அல்லர்.

கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ணுருட்டி வட்டாரங்களிலுள்ள தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு நெய்வேலிப் பழகுநர் பயிற்சி பெரிய வாய்ப்பாகும். தேசியப் பழகுநர் சான்றிதழுடன் வெளியேறும் அவர்கள் பிற மாநிலங்களிலும் வளைகுடா நாடுகளிலும் மதிக்கப்படும் தகுதியைப் பெறுகின்றனர். எனினும் தாம் பயின்ற இடத்திலேயே நிரந்தர வேலை வேண்டும் என்ற கோரிக்கையை, பயிற்சி முடித்தோர் பல ஆண்டுகளாக முன்வைத்து வருகின்றனர்.

நிலமும் வேலையும்

திறந்தவெளிச் சுரங்கம் நகர்ந்துகொண்டே செல்லும் தன்மையுடையது. நிலக்கரி எடுத்து முடிந்த பகுதியை விட்டு அடுத்த பகுதிக்கு அது செல்ல வேண்டும். எனவே நிலம் கையகப்படுத்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று, தலைமுறைதோறும் தொடர்வது. தொடக்க காலத்தில் நிலம் கொடுத்த குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு நிறுவனத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. பின்னர் பணியாளர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. நிலத்தின் தேவை அவ்வாறு குறையவில்லை.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மூன்று தேர்வுகளைக் கூறுகின்றது. திட்டத்தால் வேலைவாய்ப்பு உருவாகுமானால், தக்க பயிற்சியளித்து ஒருவருக்கேனும் வேலை தருதல் முதலாவது. ஒரே தவணையாக 5 இலட்சம் ரூபாய் தருதல் இரண்டாவது. விலைவாசிக்கேற்ப உயரக்கூடிய வகையில் மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகையை 20 ஆண்டுகளுக்குத் தருதல் மூன்றாவது. வேலை என்பதுடன் பயிற்சியையும் சட்டம் சேர்த்துக் கூறுவது இங்குக் கவனிக்கத்தக்கது. உழவருக்குத் தொழிற்கல்வி இல்லை என்பதைக் காரணம் காட்டி வேலையை மறுக்க இயலாதவாறு அது அமைந்துள்ளது.

என்.எல்.சி. 2020களில் திருத்திய மறுவாழ்வுத் திட்டமும் வேலை, ஒரே தவணைத் தொகை, மாதாந்திரத் தொகை என்ற மூன்று தேர்வுகளைக் கொண்டது. ஆயினும் இதில் கூறப்படும் வேலை ஒப்பந்தப் பணியாகும். நிரந்தரப் பணிக்கான சில தேர்வுகளில் நிலம் கொடுத்த குடும்பத்தினருக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறையும் பின்னர் கொண்டுவரப்பட்டது.

2022ஆம் ஆண்டு, கேட் மதிப்பெண் அடிப்படையில் ஏறத்தாழ 300 பட்டதாரிப் பயிற்சி அலுவலர் இடங்களுக்கான தெரிவு நடைபெற்றபோது, அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்தோர் மிகக் குறைவு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என வலியுறுத்தி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எல்லா மாநிலத்தவரும் எழுதும் ஒரே தேர்வு என்பதால் எவருக்கும் பாகுபாடு இல்லை என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதமாகும். தேர்வு அனைவருக்கும் பொது, இழப்பு மட்டும் இவ்வட்டாரத்துக்கே உரியது என்பது எதிர்ப்போரின் வாதம். பணிமுறை மேற்பார்வைக்கு வரும் பொறியாளர் தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளருடன் பேச வேண்டியிருப்பதால், கேட் மதிப்பெண் நம்பகமானதாயினும் இப்பணிக்கு முழுமையாக ஏற்புடைய அளவுகோல் ஆகாது என்ற கருத்தும் உண்டு.

2023ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வளையமாதேவிப் பகுதியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயல்களில் மண் அகழ்வு தொடங்கியது. இது பெரும் போராட்டத்துக்கு வழிவகுத்தது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பயிருக்கான இழப்பீடு ஒரு பருவத்துக்குரியது. போராட்டத்தில் எழுந்த நிரந்தர வேலைக் கோரிக்கையோ ஒரு தலைமுறையின் வாழ்க்கை பற்றியது.

ஒப்பந்தத் தொழிலாளர் சிக்கல்

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டம், குறிப்பிட்ட பணிகளில் ஒப்பந்த முறையைத் தடை செய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அவ்வாறு தடை செய்யப்பட்டால் அத்தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் பணியாளர் ஆகிவிடுவர் என 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2001ஆம் ஆண்டு ஆகத்து 30ஆம் நாள், இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்கருத்தை மாற்றியது. ஒப்பந்தம் வெறும் பெயரளவிலானது என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிறுவப்பட்டால் மட்டுமே தொழிலாளர் நிறுவனத்தின் பணியாளராகக் கருதப்படுவர் என அது தீர்ப்பளித்தது. நிறுவனம் நிரந்தரப் பணியாளரைச் சேர்க்கும்போது, முன்பு அங்கு ஒப்பந்தத்தில் பணியாற்றியோருக்கு வயது வரம்பையும், தொழில்நுட்பத் தகுதி தவிர்ந்த கல்வித் தகுதியையும் தளர்த்தி முன்னுரிமை தர வேண்டும் எனவும் கூறியது. 2006இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு, முறையான தெரிவின்றிச் சேர்ந்தோர் நீண்ட காலம் பணியாற்றியதை மட்டும் காட்டி நிரந்தரம் கோர இயலாது என்றது.

இத்தீர்ப்புகளின் பின்னணியில் நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம், ஊதிய உயர்வு ஆகியவற்றுக்காக 2010, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தங்களை நடத்தினர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் அடிப்படைப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதைச் சில விலக்குகளுடன் தடை செய்கின்றது. எப்பணி அடிப்படைப் பணி என்ற கேள்வியே இனி முதன்மை பெறும்.

இச்சிக்கலுக்குப் பாதுகாப்பு சார்ந்த பக்கமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மே 7ஆம் நாளிலும் சூலை 1ஆம் நாளிலும் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் விபத்துகள் நிகழ்ந்து பலர் உயிரிழந்தனர். இறந்தோரில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். ஆபத்து ஒருவரின் பணிநிலையைப் பார்ப்பதில்லை. ஒப்பந்தக்காரர் மாறும்போது தொழிலாளரும் மாறுவாராயின், அவர் பெற்ற பயிற்சியும் அனுபவமும் அவருடன் வெளியேறிவிடும். குறுகிய கால ஒப்பந்தத்தில் வருபவருக்குப் பயிற்சியளிக்கும் செலவை ஏற்க ஒப்பந்தக்காரரும் முன்வருவதில்லை. எனவே பயிற்சிப் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரிடமே இருக்க வேண்டும் எனப் பாதுகாப்பு வல்லுநர் வலியுறுத்துகின்றனர்.

மாவட்டத்தின் பிற நிறுவனங்களுடன் ஒப்பீடு

கடலூர் மாவட்டத்தில் பிற ஆள்சேர்ப்பு முறைகளும் காணப்படுகின்றன. நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் உள்ள சர்க்கரை ஆலைகளில் கரும்பு அரவைப் பருவத்துக்கு மட்டும் பணியாற்றும் பருவகாலத் தொழிலாளர் உண்டு. அடுத்த பருவத்தில் அவர்களே மீண்டும் அழைக்கப்படுவதால், ஒருமுறை அளித்த பயிற்சி வீணாவதில்லை. கடலூர் சிப்காட் தொழில் வளாகத்தின் வேதியியல் ஆலைகளில் அளவில் சிறிய பணியாளர் குழுக்களும், கூடவே மிகுந்த ஆபத்தும் உள்ளன. போபால் விபத்துக்குப் பின்னர், 1987ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளரின் உரிமையாக்கியது.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகின்றது. 1929இல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகம், தேவைக்கு மிக அதிகமான ஆசிரியரையும் அலுவலரையும் கொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டளவில் ஊதியம் வழங்குவதே கடினமாகும் அளவுக்கு நிதி நெருக்கடி ஏற்பட்டது. 2013இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகத்தைத் தன் நிருவாகத்தின்கீழ் கொண்டுவந்தது. மிகையாக இருந்த பணியாளர்களுள் ஆயிரக்கணக்கானோர் பின்னர் மாநிலத்தின் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டனர். மனிதவளத் திட்டமிடல் இன்றி ஆள் சேர்த்தால், அதன் சுமை நிறுவனத்தோடு நில்லாமல் பணியாளரின் குடும்பங்களையும் இடம்பெயரச் செய்யும் என்பதை இது காட்டுகின்றது.

ஒன்றில் பணியிடத்துக்கு மேல் ஆட்கள். மற்றொன்றில் பணியிருந்தும் நிரந்தர ஆட்கள் குறைவு. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்த இவ்விரு நிறுவனங்களும், ஆள்சேர்ப்பைத் தேவையிலிருந்து பிரித்தால் ஏற்படும் இரு வகை விளைவுகளைக் காட்டுகின்றன. நெய்வேலியைப் பொறுத்தவரை, பயிற்சியே மூன்று நியாயங்களையும் இணைக்கக்கூடிய பாலமாகும். நிலம் கொடுத்த குடும்பத்தின் இளைஞர், பழகுநராகப் பயின்று, தகுதித் தேர்வில் போட்டியிடும் ஆற்றலைப் பெறலாம். அப்பாலத்தின் மறுமுனையில் நிரந்தரப் பணியிடம் இருக்கின்றதா என்பதே இன்றுவரை முடிவுறாத கேள்வியாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

மனிதவள மேலாண்மை
நெய்வேலி
தொழிற்பழகுநர் சட்டம், 1961
தேசிய மின் பயிற்சி நிறுவனம்
அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
கடலூர் மாவட்டம்